தஞ்சை பெரிய கோயிலில் அறுந்த கயிறு... வளைந்துபோன அரை டன் கருவி... இந்தியாவை அளந்த லாம்டன் என்ன செய்தார்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ பணி நடந்தபோது முக்காலி மேல் சின்ன தொலைநோக்கியை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் சர்வே ஊழியர்களைப் பலரும் கவனித்திருப்பீர்கள். எதிரே கொஞ்ச தூரத்தில் இன்னொருவர் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கருவியை வெளியே எடுத்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது முக்காலியின் கால்களைத்தான். கால் மண்ணில் அழுத்தமாக ஊன்றியிருக்கிறதா, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகே கண்ணை வைப்பார்கள்.

காரணம் எளிது. இங்கே கருவி ஒரு துளி அசைந்தால், தூரத்தில் அது அடிக்கணக்கில் தவறாகிவிடும். நெடுந்தூரத் துப்பாக்கி சுடுதலில் தொலைநோக்கிக்கும் தூரமானிக்கும் சிலர் தாங்களே தாங்கி செய்து பொருத்திக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது உட்காரும் இடம் ஆடினால் பயனில்லை.

இந்தப் பாடத்தை 200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு வெயிலில் நின்று கற்றவர் வில்லியம் லாம்டன். சென்னையில் அவர் தொடங்கிய அளவைதான் பின்னாளில் இமயமலை வரை போனது. ஆனால், 1808-ம் ஆண்டு தஞ்சாவூரில் அறுந்த ஒரு கயிறு அந்த வேலையையே முடித்துவைக்கப் பார்த்தது. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த வில்லியம் லாம்டன்?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயர் பகுதியில், நார்த்அலர்டன் என்ற ஊருக்கு அருகே 1750-களில் பிறந்தவர் லாம்டன். வசதியான குடும்பம் இல்லை. கணக்கில் கெட்டிக்காரர் என்பதுதான் அவருடைய ஒரே சொத்து.

1781-ல் ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனார். அமெரிக்க சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது அவரும் கைதிகளில் ஒருவர். பிறகு இன்றைய கனடாவில் உள்ள நியூ பிரன்ஸ்விக்கில் பல ஆண்டுகள் சாதாரண பதவியில் இருந்தார்.

அங்கே கிடைத்த ஓய்வு நேரம் முழுவதும் கணிதமும் வானியலும் படிப்பதில் போனது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வையும் பாதிக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்கத் தொலைநோக்கியில் கண் வைக்கப் போகிறவருக்கு மீதி இருந்தது ஒரு நல்ல கண்தான்.

1790-களின் பிற்பகுதியில் 33-வது படைப்பிரிவோடு இந்தியா வந்தார். அந்தப் பிரிவின் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்து வெலிங்டன் பிரபு என்று பெயர் பெற்றவர் இவர்தான்.

நட்சத்திரத்தைப் பார்த்து படையைத் திருப்பியவர்

1799 ஏப்ரல். திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை. இரவில் ஜெனரல் பெயர்ட் தலைமையில் ஒரு படை நகர்ந்துகொண்டிருந்தது. கூடவே வந்த லாம்டன் வானத்தைப் பார்த்துவிட்டு, படை தெற்கே போவதற்குப் பதிலாக வடக்கே போகிறது என்றார்.

பெயர்ட் முதலில் நம்பவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது லாம்டன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. அப்படியே போயிருந்தால் நேராக திப்புவின் படையிடம் சிக்கியிருப்பார்கள்.

திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டின் பெரும் பகுதி கிழக்கிந்திய கம்பெனியின் பிடிக்குள் வந்தது. வரி வசூலிக்க, படை நடத்த, சாலை போட வரைபடம் வேண்டும். அளவை வேலைக்குப் பணம் கிடைத்ததன் பின்னணி இதுதான். அறிவியல் ஆர்வம் லாம்டனுடையது; செலவுக்கான காரணம் கம்பெனியின் ஆட்சி.

கடற்கரையிலிருந்து கடற்கரை வரை, தீபகற்பத்தின் குறுக்கே ஒரே அளவைச் சங்கிலியை இழுக்கலாம் என்று லாம்டன் திட்டம் கொடுத்தார். கூடவே இன்னொரு நோக்கமும் இருந்தது. பூமி சரியான உருண்டையா, துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதையும் இந்த அளவையிலிருந்து கணக்கிடலாம்.

சீனப் பேரரசருக்குப் போன சங்கிலி சென்னைக்கு வந்த கதை

திட்டம் சரி, கருவி வேண்டுமே?

1793-ல் மெக்கார்ட்னி பிரபு தலைமையில் சீனாவுக்குப் போன பிரிட்டிஷ் தூதுக்குழு, பேரரசருக்குப் பரிசாகப் பல அறிவியல் கருவிகளை எடுத்துச் சென்றது. சீனாவில் அவற்றுக்கு வரவேற்பு இல்லை. அவற்றில் சில, குழுவோடு போன டின்விடி என்ற அறிவியலாளரின் கைவழியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தன. 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலியும், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவி ஒன்றும் அப்படித்தான் லாம்டனுக்குக் கிடைத்தன.

ஆனால் முக்கியமான கருவி தியோடலைட். கோணங்களை அளக்கும் தொலைநோக்கி அது. லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்த அந்தக் கருவியின் வட்டம் மட்டும் 36 அங்குல விட்டம். மொத்த எடை சுமார் அரை டன்.

வரும் வழியில் கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கருவி மொரிஷியஸ் தீவில் இறக்கப்பட்டது. அது போர்க் கருவி இல்லை, அறிவியல் கருவி என்று தெரிந்ததும், அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதை மரியாதையோடு மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தார். 1802-ன் பிற்பகுதியில் அது வந்து சேர்ந்தது.

அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. இன்று கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் ராயபுரம் துறைமுகப் பகுதியில் கட்டுமானப் பணி தொடங்கியதே 1870-களில்தான். அதுவரை கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலா படகுகளில் சரக்கை ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள் நம் கடற்கரைப் படகோட்டிகள். மெட்ராஸுக்கு வந்த எந்தக் கருவியும் இந்த அலைகளைத் தாண்டித்தான் கரை ஏற வேண்டும்.

பரங்கிமலையில் போட்ட முதல் கோடு

தியோடலைட் வருவதற்கு முன்பே சங்கிலி வேலை தொடங்கிவிட்டது. 1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே சமவெளியில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார் லாம்டன்.

100 அடிச் சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் போதாதா? போதாது. தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். சங்கிலி தொய்ந்தால் அளவு மாறும். அதனால் சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, அந்தப் பெட்டிகளை முக்காலிகள் மேல் வைத்து, திருகாணிகளால் ஏற்றி இறக்கி மட்டம் பார்த்தார்கள்.

அடுத்த பிரச்சினை வெயில். எஃகு சூட்டில் நீளும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 100 அடிச் சங்கிலி சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இது சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை 400 முறை வைக்க வேண்டும். அப்போது பிழை கிட்டத்தட்ட 1.4 மீட்டர் ஆகிவிடும். அதனால் சங்கிலிக்கு நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானிகள் வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்து, பிறகு கணக்கில் கழித்தார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் வாரக்கணக்கில் நடந்தது இந்த வேலை. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு முதல் கோடு இதுதான்.

முக்கோணத்தால் எப்படி ஒரு நாட்டை அளப்பது?

பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம்.

லாம்டன் அளந்த கோடு முதல் பக்கம். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு குன்றைத் தியோடலைட்டில் பார்த்துக் கோணத்தை எடுத்தால் முதல் முக்கோணம் தயார். அதன் புதிய பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். இப்படியே குன்றுக்குக் குன்று தாவிப் போகலாம். எல்லாத் தூரத்தையும் சங்கிலி போட்டு அளக்கத் தேவையில்லை.

ஆனால் கோணம் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரியை 3,600 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை. கோணத்தில் ஒரு விகலை தவறினால், 30 மைல் தொலைவில் சுமார் 9 அங்குலம் தள்ளிப்போகும்.

36 அங்குல வட்டத்தின் விளிம்பில் அந்த ஒரு விகலை எவ்வளவு தெரியுமா? சுமார் 0.002 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. அதனால்தான் அவ்வளவு பெரிய வட்டம், நுண்ணோக்கி வைத்துப் படிக்கும் அளவுகோல், அசையாத கனம். அரை டன் எடை ஆடம்பரத்துக்கு இல்லை.

அசையாத இருக்கையின் மதிப்பு மெட்ராஸுக்கு முன்பே தெரியும். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானியல் ஆய்வகத்தில், மைக்கேல் டாப்பிங் என்பவர் தொலைநோக்கியைத் தாங்க சுமார் 15 அடி உயரத்துக்கு ஒரே கருங்கல் தூணை நிறுத்தினார். லாம்டன் தன் தீர்க்கரேகைக் கணக்குக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது அந்த ஆய்வகத்தைத்தான். ஆனால் ஆய்வகத் தூண் ஒரே இடத்தில் நிற்கும். லாம்டனின் கருவியோ குன்று ஏறி, ஆறு கடந்து, ஊர் ஊராகப் போக வேண்டும். போகும் இடத்திலெல்லாம் அதற்கு உறுதியான ஓர் இருக்கையைத் தேட வேண்டும்.

வரைபடத்தில் காணாமல் போன 40 மைல்

மெட்ராஸிலிருந்து மேற்கே நகர்ந்தது அளவை. 1804-ல் பெங்களூருவில் இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். மெட்ராஸிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தோடு அதை ஒப்பிட்டால், சுமார் ஏழு மைல் நீளக் கோட்டில் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு!

மேற்குக் கடற்கரை வரை அளந்து முடித்தபோது, மெட்ராஸிலிருந்து மங்களூருக்கு 360 மைல் என்று தெரியவந்தது. பழைய வரைபடங்கள் 400 மைல் என்று காட்டிவந்தன. அதாவது நாட்டின் அகலத்தில் 40 மைல் பொய்க் கணக்காக இருந்தது. இது வீண் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவைப்படவில்லை.

தஞ்சாவூரில் என்ன நடந்தது?

1808. அளவை காவிரிப் படுகைக்கு வந்தது. இங்கே புதுப் பிரச்சினை. குன்றுகளே இல்லை. எங்கு பார்த்தாலும் வயலும் தென்னையும் பனையும். 30 மைல் தூரம் தெரிய வேண்டுமென்றால் உயரத்துக்குப் போக வேண்டும். அங்கே உயரம் என்றால் கோயில்கள்தான்.

தஞ்சை பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல். அதன் உச்சியில் கருவியை வைத்தால் சுற்றுவட்டாரம் முழுவதையும் பார்க்கலாம். தியோடலைட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறும் கப்பியும் கொண்டு மேலே ஏற்றினார்கள்.

பாதியில் கயிறு அறுந்தது. பெட்டி ஆடிப்போய்ச் சுவரில் மோதியது. உள்ளே இருந்த வட்டம் அடிபட்டு வளைந்துவிட்டது.

முன்பு சொன்ன கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். 0.002 மில்லிமீட்டருக்கு உயிர் போகிற கருவி அது. அதன் வட்டமே கண்ணுக்குத் தெரியும்படி கோணிவிட்டது என்றால், அது இனி வெறும் பித்தளைதான்.

புதுக் கருவி வேண்டுமென்றால் லண்டனில் சொல்லிச் செய்ய வேண்டும். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். திட்டம் நின்றுபோனால் மறுபடி தொடங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆறு வாரம்... ஒரு கூடாரம்... மரச் சுத்தி

லாம்டன் கருவியோடு ஒரு கூடாரத்துக்குள் போய்விட்டார். ராணுவத் தளவாடப் பிரிவின் தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை.

முதலில் கருவியை முழுவதுமாகப் பிரித்தார்கள். பிறகு ஒரு பெரிய தட்டையான பலகையில், வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அதே அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார்கள். வளைந்த வளையத்தை அதில் வைத்து ஆப்பு, திருகாணி, கப்பி ஆகியவற்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். வளையம் அந்த வட்டத்தில் பொருந்தி உட்காரும் வரை இழுத்தார்கள். உள்ளே வளைந்துபோயிருந்த ஆரக்கால்களைச் சின்ன மரச் சுத்திகளால் தட்டி நிமிர்த்தினார்கள்.

ஏன் மரச் சுத்தி? இரும்பால் அடித்தால் பித்தளை அந்த இடத்தில் நசுங்கிப் பரவும். மரம் உலோகத்தை வளைக்கும், நசுக்காது. ராயபுரம், காசிமேடு பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஆறு வாரம் ஆனது. கருவி கிட்டத்தட்டப் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. இந்தக் கதை புத்தகங்களில் லாம்டனின் சாதனையாகவே வருகிறது. மரச் சுத்தியைப் பிடித்த கைவினைஞர்களின் பெயர்கள் அதில் வருவதில்லை.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

முக்கியமான கேள்வி இது. அடிபட்ட கருவி சொல்வதை எப்படி நம்புவது?

முக்கோணமே அதற்குச் சோதனை வைத்திருக்கிறது. மூன்று கோணங்களையும் அளந்து கூட்டினால் 180 டிகிரி வர வேண்டும். பூமி வளைந்திருப்பதால் மிகச் சிறிய அளவு கூடுதலாக வரும், அதையும் கணக்கிட்டுவிடலாம். கூட்டுத்தொகை அதிகமாக விலகினால் கருவி பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது சோதனை சங்கிலி. கொஞ்ச தூரம் போனதும் தரையில் புதிதாக ஒரு கோட்டை அளந்து, கணக்கோடு ஒப்பிட வேண்டும். லாம்டன் திருநெல்வேலிப் பகுதியிலும் அப்படி ஒரு கோட்டை அளந்தார். 1809-ல் கன்னியாகுமரிப் பக்கம் அளவை போய்ச் சேர்ந்தது. பழுது பார்த்த அதே கருவி பிறகு பல ஆண்டுகள் வடக்கு நோக்கியும் உழைத்தது.

அதற்காக எல்லாம் கச்சிதமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்கு அந்தப் பழைய கருவியில் திருப்தி இல்லை. வட்டத்தின் ஒரே இடத்தை நம்பாமல், வெவ்வேறு இடங்களில் வைத்து ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தார். 1830-ல் இங்கிலாந்திலிருந்து புதுக் கருவிகளோடு திரும்பி வந்தார்.

ஆனாலும் பழைய தியோடலைட்டைத் தூக்கிப் போடவில்லை. ஹென்றி பேரோ என்ற கருவித் தொழிலாளர் கல்கத்தாவில் அதைப் பிரித்துப் புதுப்பித்தார். பேரோவுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் நம் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேன். தஞ்சாவூர்க் கூடாரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைக்காத பெயர், ஒரு தலைமுறை கழித்து ஆற்காட்டுக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது.

லாம்டனுக்கு என்ன ஆனது?

1817-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார் லாம்டன். 1818-ல் அவருடைய பணிக்கு மாபெரும் முக்கோண அளவை என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் எவரெஸ்ட் உதவியாளராகச் சேர்ந்தார்.

லாம்டன் இந்தியா வந்த பிறகு இங்கிலாந்து திரும்பவே இல்லை. வயது எழுபதை நெருங்கிய பிறகும் முகாமை விட்டு விலகவில்லை. ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில், 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட் என்ற ஊரில் உயிர் பிரிந்தது. இன்றைய மகாராஷ்டிராவின் வார்தா மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது. அப்போது அவர் பொறுப்பில் அளந்து முடிந்திருந்த பரப்பு சுமார் 1.65 லட்சம் சதுர மைல்.

அந்த முக்கோணங்கள் வடக்கே போய்க்கொண்டே இருந்தன. இமயமலைச் சிகரங்களையும் அளந்தார்கள். 15-வது சிகரம் என்று எண் கொடுத்திருந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டதில் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. 1856-ல் 29,002 அடி என்று அறிவிப்பு வந்தது. உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் கிடைத்தது. வேலையைத் தொடங்கிய லாம்டன் பெயரைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் குறைவு.

சென்னையில் எங்கே பார்க்கலாம்?

பரங்கிமலையில் லாம்டனுக்கு மார்பளவு சிலை இருக்கிறது. மலையேறிப் போகிறவர்கள் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல் அதையும் பார்க்கலாம். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் டாப்பிங்கின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது.

தஞ்சை பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பாருங்கள். அந்த உயரத்துக்கு அரை டன்னைக் கயிற்றில் ஏற்றப் பார்த்தார்கள், அறுந்தது, ஆறு வாரத்தில் மரச் சுத்தியால் மீட்டார்கள். இன்று செல்போனில் நாம் தட்டிப் பார்க்கும் வரைபடம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. ஆனால் இந்தியா எத்தனை மைல் அகலம் என்று முதலில் சரியாகச் சொன்னது, இதே ஊர்களில் இப்படிக் கையால் ஒக்கிட்டு நிறுத்திய ஒரு தொலைநோக்கிதான்.